படைவீரரின் இடுப்புக்கத்தி: ஒரு மறுப்பு

படைவீரர் இடுப்பில் செருகும் கத்தி எதிரியைக் கொல்வதற்கே என்பது திரைப்படங்களும் கத்தி வியாபாரிகளின் விளம்பரங்களும் ஊன்றிவிட்ட எண்ணம். அதற்குத் துணைக் கூற்றுகளும் பல உண்டு: இருபுறமும் கூரான குத்துவாளே தேர்ந்த வீரரின் தேர்வு, அலகில் ஓடும் பள்ளம் ரத்தம் வடிவதற்கு, முதுகிலுள்ள ரம்பப் பற்கள் காயத்தைக் கிழிப்பதற்கு, கூர்க்காவின் குக்ரி உறையை விட்டு வந்தால் ரத்தம் பார்க்காமல் திரும்பாது. போர்க் காலப் பதிவுகளோடு ஒப்பிட்டால் இவற்றில் எதுவும் தேறாது. கத்தியால் போர்க்களத்தில் கொலை நடந்ததுண்டு, அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் வீரர் அதைக் காசு கொடுத்து வாங்குவதும், மைல் கணக்கில் சுமப்பதும், மாலையில் உட்கார்ந்து தீட்டுவதும் வேறு வேலைகளுக்காக.

எண்ணிக்கையிலிருந்து தொடங்கலாம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படையின் மருத்துவத் துறை பதிந்த காயங்களில் துப்பாக்கி, பீரங்கிக் குண்டுகளால் ஏற்பட்டவை 2,45,790. பயனெட்டும் வாளும் ஏற்படுத்தியவை 922. ஆயிரத்துக்கு நான்குகூட இல்லை. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் மருத்துவ நிலையங்களுக்கு வந்தவற்றில் கணக்கிடப்பட்ட இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட காயங்களில் பீரங்கிக் குண்டுகளின் பங்கு 58.51 விழுக்காடு, துப்பாக்கிக் குண்டுகளின் பங்கு 38.98, கையெறிகுண்டுகள் முதலியவற்றின் பங்கு 2.19. பயனெட்டின் பங்கு 0.32. காலாட்படைப் பயிற்சியில் பயனெட்டுக்குப் பெரும் இடம் கொடுக்கப்பட்டிருந்த காலம் அது. குத்துப்பட்டவர்கள் களத்திலேயே இறந்துவிட்டதால் கணக்கில் வரவில்லை என்று ஒரு வாதம் உண்டு. நியாயமான வாதம்தான். ஆனால் விட்டுப்போனவர்களுக்காக அந்த எண்ணைப் பத்து மடங்காக்கினாலும் மூன்று விழுக்காட்டைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். துப்பாக்கியின் முனையில் மாட்டி, கை நீளத்துக்கு அப்பால் குத்தக்கூடிய பயனெட்டின் நிலையே இது என்றால், இடுப்புக் கத்தியின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

அரசாங்கம் யோசித்து வீரருக்குக் கொடுத்த கத்தி எப்படி இருந்தது என்பதற்கு சுவிட்சர்லாந்து நல்ல சான்று. 1889-இல் அந்நாட்டுப் படை புதிய ஷ்மிட்-ரூபின் துப்பாக்கியை ஏற்றது. அதைக் கழற்றித் துடைக்கத் திருப்புளி வேண்டும். உணவு தகரடப்பாவில் வரத் தொடங்கியிருந்தது. அதைத் திறக்கவும் கருவி வேண்டும். இந்த இரண்டு தேவைகளும் ஒரு மடக்குக்கத்தியில் சேர்ந்தன: ஓர் அலகு, துளையிடும் ஊசி, டப்பா திறப்பான், திருப்புளி. 1891-இல் முதல் 15,000 கத்திகளை ஜெர்மனியின் சோலிங்கன் நகர நிறுவனம் ஒன்று செய்துகொடுத்தது. பிறகு இபாஹ் ஊர்க் கத்திக்காரர் கார்ல் எல்சனர் அந்தப் பணியைத் தம் நாட்டுக்குக் கொண்டுவந்தார். 1897-இல் அவர் கார்க் திருகியும் சின்ன அலகும் சேர்த்து ‘அதிகாரிக் கத்தி’ ஒன்றைப் பதிவு செய்தார். படை அதை வழங்கும் பொருளாக ஏற்கவில்லை. அதிகாரிகள் சொந்தக் காசில் வாங்கிக்கொண்டார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஐரோப்பாவில் இருந்த அமெரிக்க வீரர்களும் அதையே ஊருக்கு வாங்கிப் போனார்கள். உலகிலேயே அதிகம் அறியப்பட்ட ராணுவக் கத்தி ஒயின் புட்டி திறக்கும் கத்தி.

குத்துவாளைப் பற்றிய கூற்றுதான் இவற்றில் வலுவானது. அதற்குப் பின்னால் உண்மையான ஒரு கத்தி இருக்கிறது. ஷாங்காய் நகராட்சிக் காவல்துறையில் பணியாற்றிய வில்லியம் ஃபேர்பேர்ன், எரிக் சைக்ஸ் இருவரும் 1940-இல் பிரிட்டன் திரும்பி, கமாண்டோக்களுக்குக் கைகலப்புச் சண்டை கற்பித்தார்கள். அவர்கள் வடிவமைக்க, வில்கின்சன் ஸ்வோர்ட் நிறுவனம் மெலிந்த, இருபுறமும் கூரான ஒரு குத்துவாளைச் செய்தது. காவலில் நிற்பவனை ஓசையில்லாமல் வீழ்த்துவது என்ற ஒரே வேலைக்கு அது உருவானது, அதற்குப் பொருந்தவும் செய்தது. சிக்கல் அதன் பிறகு. அந்த வேலை பெரும்பாலான வீரர்களுக்கு ஒருநாளும் வரவில்லை. நாள்தோறும் வந்தது பெட்டி திறக்கும் வேலை. ஊசிபோல் மெலிந்த முனையைப் பலகை இடுக்கில் விட்டு நெம்பினால் முறிந்துபோகும். முதுகும் கூராக இருப்பதால் கட்டைவிரலை வைத்து அழுத்தவும் முடியாது.

அமெரிக்க மரீன் ரெய்டர் படைக்கு 1942-இல் இதே பாணியில் செய்யப்பட்ட குத்துவாள் இன்னும் மோசமாகத் தோற்றது. முனையும் முறிந்தது, துத்தநாகக் கலவையில் வார்த்த கைப்பிடியும் நாளடைவில் நொறுங்கியது. ரெய்டர்கள் அமெரிக்கப் படையின் மிகத் தேர்ந்த வீரர்களில் சிலர். அவர்களே அதைக் கைவிட்டு மரீன் படையின் பொதுக் கத்திக்கு மாறினார்கள். தரைப்படை 1943-இல் கொடுத்த எம்3 கத்திக்கும் ஏறக்குறைய அதே கதி. ஒடுங்கிய அலகு வேலைக்கு உதவவில்லை என்று குறை சொல்லப்பட்டது; அடுத்த ஆண்டே அதன் இடத்தில் எம்4 பயனெட் வந்தது.

ரெய்டர்கள் மாறிக்கொண்ட கத்தியைக் கவனித்துப் பார்க்க வேண்டும். 1942 இறுதியில் மரீன் படை ஏற்ற அந்தக் கத்தியை, செய்தவர்களில் ஒருவரின் வணிகப் பெயரால் இன்று எல்லோரும் கேபார் என்கிறார்கள். ஏழு அங்குல அலகு. வெட்டும் பக்கம் மட்டும் முழுக்கக் கூர். முதுகு தடித்தது, நுனிக்கு அருகில் மட்டும் சரித்துச் சீவியது. தோல் வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இறுக்கிய கைப்பிடி வியர்த்த கையிலும் வழுக்காது. பிடியின் அடியில் தட்டையான எஃகு மூடி. கூடார முளையை அடித்து இறக்க அதுவே சுத்தியல். பசிபிக் தீவுகளில் வேரை வெட்டவும், பதுங்குகுழியின் ஓரத்தைச் செதுக்கவும், வெடிமருந்துப் பெட்டியின் பலகையை நெம்பவும், கம்பியை நறுக்கவும், டப்பா திறக்கவும் பயன்பட்டது இந்தக் கத்தி. இருட்டில் குழிக்குள் குதித்த எதிரியோடு கத்தியால் போராடிய நிகழ்வுகளும் அங்கே உண்டு. இரண்டுக்கும் ஈடுகொடுத்ததால்தான் அது நிலைத்தது; ஒன்றுக்கு மட்டும் உதவிய குத்துவாள் நிலைக்கவில்லை. கமாண்டோ குத்துவாள் இன்று பிரிட்டிஷ் ராயல் மரீன் கமாண்டோக்களின் தோள் சின்னத்திலும், இந்தியப் பாராசூட் சிறப்புப் படையின் ‘பலிதான்’ சின்னத்திலும் இருக்கிறது. வீரத்தின் சின்னமாக அது முழு மரியாதைக்கு உரியது. களத்தில் நிலைத்த கத்தி வேறு.

ஒரு கையால் திறக்கும் கத்தி கொலைகாரர் கத்தி என்ற பேச்சும் இதே வகை. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் பாராசூட் வீரரின் மேற்சட்டையில் கழுத்துக்குக் கீழே ஜிப் வைத்த ஒரு சிறு பை இருந்தது. அதில் பொத்தானை அழுத்தினால் திறக்கும் எம்2 மடக்குக்கத்தி. குதித்தவர் மரத்தில் சிக்கித் தொங்குகிறார். ஒரு கை வார்களில் மாட்டிக்கொண்டது, கீழே எதிரியின் பகுதி. மிச்சமிருக்கும் ஒரு கை எட்டும் இடத்தில் பை. அந்த ஒரே கையால் திறந்து பாராசூட் கயிறுகளை அறுத்தாக வேண்டும். விசைப்பொத்தான் அதற்காக. ஜெர்மானியப் பாராசூட் வீரரின் கத்தியில் விசைகூட இல்லை. நெம்புகோலை அழுத்திக் கீழே சாய்த்தால் அலகு தன் எடையாலேயே வெளியே வரும். கூடவே முடிச்சு அவிழ்க்க ஒரு முள். கொல்ல வைத்த கத்திக்கு முடிச்சு அவிழ்க்கும் முள் எதற்கு?

அலகின் பக்கவாட்டில் ஓடும் பள்ளத்தைப் பற்றி நீட்டிப் பேச ஏதுமில்லை. ரத்தம் வழிந்தோடவும், உடலுக்குள் அலகு காற்றிறுக்கத்தில் சிக்காமல் இருக்கவும் அது வெட்டப்பட்டது என்பது கட்டுக்கதை. எஃகைக் குறைத்தும் விறைப்பைக் காப்பது அதன் வேலை. வாள் செய்தவர்கள் துப்பாக்கிக்குப் பல நூற்றாண்டு முன்பே அறிந்த உத்தி.

ரம்பப் பற்கள் சற்று விளக்கத்தைக் கோருகின்றன, ஏனெனில் இந்தக் கட்டுக்கதை உயிர்களோடு தொடர்புடையது. முதல் உலகப் போரில் ஜெர்மானியப் படை, பாதையும் பாலமும் அமைக்கும் பிரிவினருக்கு முதுகில் பற்கள் கொண்ட பயனெட்டைக் கொடுத்தது. மரம் அறுக்க வேறு ரம்பம் சுமக்க வேண்டாம் என்பதற்காக. நேச நாடுகளின் பிரச்சாரம் அதைக் குரூரத்தின் அடையாளமாக்கியது. அந்தப் பயனெட்டோடு பிடிபட்டால் உயிர் தப்பாது என்ற அச்சம் ஜெர்மானிய வீரர்களிடம் பரவியது. போரின் பிற்பகுதியில் அந்தப் பயனெட்டுகள் திரும்பப் பெறப்பட்டன. பல பயனெட்டுகளின் பற்கள் சாணையில் தேய்த்து எடுக்கப்பட்டன. பின்னாளில் அமெரிக்க விமானிகளின் உயிர்காப்புக் கத்தியில் வைத்த பற்களுக்கும் நோக்கம் வேறு: விழுந்த விமானத்துக்குள் அகப்பட்டவர் அதன் மெல்லிய அலுமினியத் தோலை அறுத்து வெளியேற வேண்டும். 1982-இல் ‘ஃபர்ஸ்ட் பிளட்’ திரைப்படத்துக்காக ஆர்கன்சாஸ் மாநிலக் கத்திக் கலைஞர் ஜிம்மி லைல் பற்களும் உள்ளீடற்ற கைப்பிடியும் கொண்ட பெரிய கத்தியைச் செய்தார். படம் ஓடிய பிறகு அந்த இரண்டும் சேர்ந்து கொலைக்கத்தியின் அடையாளமாயின. உள்ளீடற்ற கைப்பிடி உயிர் காக்கும் சிறு பொருள்களை வைத்துக்கொள்வதற்கான இடம் என்பது மறைந்தே போனது.

எல்லாவற்றிலும் வருத்தம் தருவது குக்ரியைப் பற்றிய கூற்று. ஒரு கத்தியை மட்டுமின்றி, ஒரு மக்களையே ரத்தவெறியர்களாகக் காட்டுகிறது அது. உருவினால் எதிரியின் ரத்தம், இல்லாவிட்டால் தன் விரலையாவது கீறித் தன் ரத்தம் காட்டிவிட்டுத்தான் உறையில் போடுவார்கள் என்று புத்தகங்களிலும் அருங்காட்சியகங்களிலும் சொல்லிச் சொல்லி இது நிலைத்துவிட்டது. நேபாள மலைக் கிராமத்தில் குக்ரி வீட்டுக் கத்தி. எடை அலகின் முன்பகுதியில் குவிந்திருப்பதால் சிறு கோடாரியைப்போல் இறங்கும். விறகு பிளக்க, மூங்கில் சீவ, புதர் வெட்ட, இறைச்சி துண்டாக்க அதுவே எடுபடும். ஒரு நாளில் பத்து முறை உருவப்படும் கருவி அது. ஒவ்வொரு முறையும் ரத்தம் கேட்டால் விரல் மிஞ்சாது. படையிலும் அதே கதைதான். அணிவகுப்பில் அதிகாரி குக்ரிகளைச் சோதிக்கிறார், பொதுமக்கள் முன்னிலையில் உருவிய குக்ரியோடு வீரர்கள் நடனமாடுகிறார்கள், பிறகு அமைதியாக உறையில் போடுகிறார்கள். தசைன் திருவிழாவில் ஆட்டையோ எருமையையோ ஒரே வெட்டில் பலியிடும் வழக்கத்தைப் பார்த்தவர்கள் வளர்த்த கதையாக இது இருக்க வேண்டும்.

குக்ரியின் உறையைத் திறந்து பார்த்தாலே விடை கிடைக்கும். பெரிய கத்திக்குப் பின்னால் இரண்டு சிறு பிடிகள் துருத்தி நிற்கும். ஒன்று கர்தா, தோலுரிக்கவும் காய் நறுக்கவும் சின்னக் கத்தி. மற்றது சக்மக், கூரில்லாத எஃகுத் துண்டு. அலகைத் தீட்டவும் கல்லில் உரசித் தீ மூட்டவும். சமையலுக்கும் அடுப்புக்கும் சாணைக்கும் இடம் ஒதுக்கிய உறை அது.

குக்ரி சண்டையில் பயன்பட்டதே இல்லை என்று சொல்வது அதே அளவு பொய். 2010 செப்டம்பரில், இந்தியப் படையின் கூர்க்கா பிரிவிலிருந்து விலகி ரயிலில் ஊர் திரும்பிய விஷ்ணு சிரேஷ்டா, கொள்ளையர் கூட்டத்தைத் தனியாகக் குக்ரியோடு எதிர்த்து ஓர் இளம்பெண்ணைக் காப்பாற்றினார். அதே மாதம் ஆப்கானிஸ்தானின் ஹெல்மண்ட் மாகாணத்தில் பிரிட்டிஷ் கூர்க்கா திப்பிரசாத் புன் தனியாளாகக் காவல் நிலையைக் காத்தார். 400-க்கும் மேற்பட்ட தோட்டாக்களும் 17 கையெறிகுண்டுகளும் செலவாயின, மேலேறி வந்த ஒருவனை அவர் இயந்திரத் துப்பாக்கியின் முக்காலியால் தாக்கினார். நெருக்கடியில் கைக்கு எட்டியது ஆயுதமாகிறது. முக்காலி கொலைக்கருவியாகச் செய்யப்பட்டது என்று அதை வைத்து எவரும் முடிவு கட்டுவதில்லை. குக்ரிக்கும் அந்த நியாயத்தைத் தர வேண்டும்.

இன்றைய வீரர் சொந்தக் காசில் எதை வாங்குகிறார் என்பதும் கேள்விதான். 1975-இல் பழைய காரில் ஐரோப்பா சுற்றிய டிம் லெதர்மேன், மடக்குக்கத்தியில் குறடும் இருந்தால் நல்லது என்று எண்ணினார். 1983-இல் அது விற்பனைக்கு வந்தது. ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் அமெரிக்க வீரரின் இடுப்புவாரில் அந்த வகைக் கருவி சாதாரணக் காட்சி. 2010-இல் அதே நிறுவனம் துப்பாக்கியில் படியும் கரியைச் சுரண்டவும், சிக்கிய தோட்டாவை எடுக்க உதவவும் தனி உறுப்புகள் வைத்த ஒன்றை வெளியிட்டது. கவிழ்ந்த வண்டியில் இருக்கைப்பட்டையை அறுக்கும் கொக்கியும் பலரிடம் உண்டு. அதில் குத்தும் முனையே இல்லை.

அப்படியானால் பயனெட் ஏன் இன்னும் வழங்கப்படுகிறது என்பது எஞ்சும் கேள்வி. அது முற்றாகச் செத்த ஆயுதம் அல்ல. 2004 மே மாதம் ஈராக்கின் அமாரா அருகே பிரிட்டிஷ் வீரர்கள் பயனெட் மாட்டிப் பாய்ந்தார்கள். ஆனால் அதன் வடிவம் எந்தத் திசையில் மாறியது என்பதைப் பார்க்க வேண்டும். 1950-களின் இறுதியில் வந்த சோவியத் ஏகேஎம் துப்பாக்கியின் பயனெட் அலகில் ஒரு துளை உண்டு. உறையின் நுனியிலுள்ள முளையை அதில் மாட்டினால் கத்தியும் உறையும் கத்தரிக்கோலாகி முள்கம்பியை வெட்டும். மின்சாரம் பாயும் கம்பியாக இருக்கக்கூடும் என்பதால் கையில் பிடிக்கும் இடங்களுக்குக் காப்பும் போட்டார்கள். 1986-இல் அமெரிக்கத் தரைப்படை ஏற்ற எம்9 பயனெட்டும் அதே முறையில் உறையோடு சேர்ந்து கம்பி வெட்டுகிறது. 2010-இல் அந்தப் படை அடிப்படைப் பயிற்சியிலிருந்து பயனெட் தாக்குதல் பயிற்சியை நீக்கியது. கம்பி வெட்டும் அந்தக் கத்தி வீரர்களின் சாமான்களில் தொடர்ந்து இருந்தது.