பீஆர் எடுத்தால் பெயர் நமதாகிவிடுமா?

வெள்ளவத்தையில் காலி வீதியோரம் கடை வைத்திருப்பவர்களிடம் பெயர்ப் பிரச்சினை பற்றிக் கேட்டால் ஒரே பதில்தான் வரும்: "பீஆர் எடுத்தாச்சு அண்ணை, இனி ஆர் என்ன செய்யிறது?" கொட்டாஞ்சேனையிலும் செட்டியார் தெருவிலும் இதே பேச்சுத்தான். பீஆர் என்கிற வியாபாரப் பெயர்ப் பதிவுச் சான்றிதழைக் கண்ணாடி போட்டுக் காசுமேசைக்கு மேலே மாட்டிவிட்டால் பெயர் சொந்தமாகிவிட்டது என்று நம்புகிறார்கள். நம் வியாபாரிகளுக்குப் பெரிய இழப்பைத் தரக்கூடிய நம்பிக்கை இது.

சொந்தப் பெயரல்லாத வேறு பெயரில் தொழில் செய்பவர், அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பது யார் என்று அரசுக்கு அறிவிப்பதே பீஆர். வெள்ளவத்தைக்காரர் திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகத்துக்கும் கொட்டாஞ்சேனைக்காரர் கொழும்பு பிரதேச செயலகத்துக்கும் போகிறார்கள். வியாபாரப் பெயர்ப் பதிவு மாகாணத்துக்குரிய விடயம். மேல் மாகாணத்தில் வாங்கிய பத்திரம், யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ இன்னொருவர் அதே பெயரைப் பதிவதைத் தடுக்காது. வங்கிக்கணக்குத் திறக்க அது வேண்டும். ஆனால் அடுத்தவன் போட்ட பெயர்ப்பலகையைக் கழற்றவைக்கும் பலம் அதற்கு இல்லை.

"நாங்கள் பிரைவேட் லிமிட்டெட் கம்பனி" என்பவர்களுக்கும் இதே பதில்தான். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின்படி பதிவாளர் பார்ப்பது, அதே பெயரில் வேறு கம்பனி இருக்கிறதா என்பதை. உங்கள் மிளகாய்த்தூள் பக்கெட்டில் அச்சடித்த பெயர் வேறு ஒருவரின் வியாபாரக் குறியா என்பது தனிக் கேள்வி. அதற்குப் பதில் தருவது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். கடைக்காரர்கள் 'ட்ரேட் மார்க்' என்று சொல்வதைப் பதிகிற இடம் தேசிய புலமைச் சொத்து அலுவலகம் மட்டுமே. பதிவு 10 ஆண்டுக்குச் செல்லும்; பத்துப் பத்து ஆண்டாகப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். பதிந்த குறியை ஒருவர் வேண்டுமென்றே மீறினால் 5 இலட்சம் ரூபா வரை தண்டம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது 184ஆம் பிரிவு.

இதைக் கேட்டதும் சிலர் நேர் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள்: "அப்படியென்றால் முதலில் பதிந்தவனுக்கே எல்லாம்." இதுவும் தவறு. தமிழ்நாட்டுத் திருநெல்வேலியின் இருட்டுக்கடை அல்வா வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். நெல்லையப்பர் கோயிலருகே தலைமுறைகளாக நடக்கும் கடையின் பெயரை இன்னொருவரும் பயன்படுத்தினார். தன் குறியும் பதிவானதுதான் என்று அவர் வாதாடினார். 2015இல் இந்திய உச்ச நீதிமன்றம், முன்பிருந்தே பயன்படுத்தி வருபவரின் உரிமை பதிவை விட மேலானது என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது; ஆனால் நம் புலமைச் சொத்துச் சட்டத்திலும் இதற்கு வழி உண்டு. பதியாமலே முன்பிருந்து ஒருவர் பயன்படுத்தி வரும் குறி என்று தெரிந்துகொண்டு இன்னொருவர் அதற்கு விண்ணப்பித்தால், 104ஆம் பிரிவு அந்தப் பதிவுக்குத் தடை போடுகிறது. வர்த்தகப் பெயர் பதியாதிருந்தாலும் 144ஆம் பிரிவு அதைக் காக்கிறது. நியாயமற்ற போட்டிக்கு எதிராக 160ஆம் பிரிவு இருக்கிறது.

ஆனால் முன்பிருந்தே பயன்படுத்தினோம் என்பதை நாம்தான் நிரூபிக்க வேண்டும். எங்கள் ஆட்களுக்குக் கஷ்டம் இங்கேதான். 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் கடைகள் எரிந்தபோது பில் புத்தகங்களும் கணக்குக் கொப்பிகளும் சேர்ந்தே எரிந்தன. அதற்குப் பிறகு திரும்பவும் கடை திறந்த குடும்பங்கள், பழைய பெயரையே போட்டுக்கொண்டாலும், அந்தப் பெயரின் வயதைக் காட்டக் கையில் காகிதம் இல்லாமல் நின்றன. எஞ்சியிருப்பவற்றைத் தேடி எடுங்கள்: வீரகேசரியில் போட்ட விளம்பரம், கோயில் திருவிழா மலரின் கடைசிப் பக்கத்து வாழ்த்து, பாடசாலை மலர், பெயர்ப்பலகை தெரிகிற கல்யாணப் படம். இவை சாட்சியங்கள். வியாபாரக் குறியின் பதிவுச் சான்றிதழோ இவற்றைவிட எளிதாகக் காட்டக்கூடிய சாட்சி. கடைக்கு என்ன நடந்தாலும் அரசின் பதிவேட்டில் அது இருக்கும்.

ஊர்ப் பெயர் விடயத்திலும் ஒரு மயக்கம் உண்டு. "யாழ்ப்பாணம் என்ற பெயரை முதலில் போட்டது நாங்கள்" என்று ஒருவர் உரிமை கோரலாம். ஒரு சரக்கின் வகையையோ தரத்தையோ பிறந்த இடத்தையோ மட்டும் சொல்லும் சொல்லை 103ஆம் பிரிவு பதியவிடாது. நீண்ட காலப் பாவனையைப் புலமைச் சொத்து அலுவலகம் கருத்தில் எடுக்கும் என்பது உண்மை. ஆனாலும் ஊர் எல்லாருக்கும் பொது. 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் சிலோன் கறுவாவுக்குப் புவிசார் குறியீட்டுப் பாதுகாப்பு கொடுத்தபோதும் அதைத் தனி வியாபாரி ஒருவருக்குக் கொடுக்கவில்லை.

"சென்னையில் பதிந்திருக்கிறோம், போதும்" என்பவர்களுக்கு ஒரு வரி: வியாபாரக் குறி அந்தந்த நாட்டோடு நிற்கும் உரிமை. 'நியூ' சேர்த்தோம், ஓர் எழுத்தை மாற்றினோம் என்பவர்களுக்கு இன்னொன்று: வாடிக்கையாளர் ஏமாந்துபோவாரா என்பதுதான் நீதிமன்றத்தின் கேள்வி. மூன்று மொழியில் பலகை மாட்டுகிற கொழும்பில், எழுத்து வேறுபட்டாலும் காதில் ஒன்றாகவே விழும் பெயர்கள் வம்பில்தான் முடியும்.

கடைசியாக, "இது பெரிய கம்பனிகளுக்கான வேலை" என்ற சாட்டு. பெரிய கம்பனியிடம் சட்டத்தரணி இருக்கிறார், விளம்பரத்துக்குப் பணம் இருக்கிறது. பெயர் போனால் இன்னொன்றை உருவாக்குவார்கள். மகளிர் இருவர் வீட்டில் இடித்து விற்கும் கறித்தூளுக்குப் பெயரைத் தவிர வேறு முதல் இல்லை.

ஆகவே பெயர்ப்பலகை எழுதக் கொடுப்பதற்கு முன்னால், பக்கெட் அச்சடிப்பதற்கு முன்னால், கொழும்பு 10, டி.ஆர். விஜேவர்தன மாவத்தையில் உள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்துக்கு ஒருமுறை போங்கள். அந்தப் பெயர் ஏற்கெனவே பதிவேட்டில் உண்டா என்று தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் அன்றைக்கே விண்ணப்பியுங்கள். ஏற்கெனவே கடை நடத்துபவர்கள் வர்த்தமானியையும் கவனியுங்கள். உங்கள் பெயரைப்போல ஒன்றுக்கு வேறு யாரோ விண்ணப்பித்தது அதில் வெளிவந்தால், எதிர்ப்புத் தெரிவிக்க உங்களுக்கு இருப்பது மூன்றே மாதம்.