தட்டில் வளரும் மாதுளையும் ஓர் அமானிதமே

எங்கள் மதரஸாவின் மாடி வராந்தாவில் ஒரு மாதுளை இருந்தது. ஆழமில்லாத மண் தட்டில் இரண்டு சாண் உயரமே வளர்ந்திருந்த அதன் அடிமரம், முதிர்ந்த மரத்தைப் போல முறுக்கேறியிருக்கும். போன்சாய் என்கிறார்களே, அந்த வகை. அதைக் கண்ட ஒரு மாணவரின் தந்தை நம்மிடம் கேட்டார்: "ஹஜ்ரத், அல்லாஹ் பெருசா படைச்சத இப்படிக் குறுக்கி வைக்கலாமா? படைப்ப மாத்துற குத்தம் ஆகாதா?"

நியாயமான கேள்வி. கால்நடைகளின் காதுகளை அறுக்கவும் இறைப்படைப்பை மாற்றவும் மனிதர்களைத் தூண்டுவேன் என்று ஷைத்தான் சூளுரைத்ததைத் திருமறை (4:119) எடுத்துரைக்கிறது. அதை மனத்தில் வைத்தே அவர் கேட்டார். எனினும், போன்சாய் அந்த வகையில் சேராது என்பதே நமது கருத்து. கிளையைக் கவாத்து செய்வதும் வேரைக் கத்தரிப்பதும் மரத்தின் இயல்பை மாற்றுவதில்லை. அந்தத் தட்டு மரத்திலிருந்து ஒரு குச்சியை வெட்டி நிலத்தில் நட்டால், அது ஆளுயரத்தைத் தாண்டி வளரும். அது மட்டுமன்று, இலை சிறுத்தாலும் மாதுளையின் பூவும் கனியும் அந்த அளவுக்குச் சிறுப்பதில்லை. மரத்தைத்தான் நாம் குறுக்கினோம். அல்லாஹ் வகுத்த இயல்பு அப்படியே இருக்கிறது.

இதில் ஒரு நன்மையையும் கண்டோம். திருமறையில் மாதுளை மூன்று இடங்களில் வருகிறது: அல்அன்ஆம் அத்தியாயத்தில் இருமுறை (6:99, 6:141), அர்ரஹ்மானில் ஒருமுறை (55:68). அவற்றுள் முதல் வசனம், கனி தோன்றுவதையும் பழுப்பதையும் கவனித்துப் பார்க்கச் சொல்கிறது. சிறுவர்களின் கண்ணுக்கு நேராக ஒரு மரம் இருந்தால், சிவந்த பூவின் அடிப்பகுதி திரண்டு காயாவதையும் பூவின் இதழ் உதிர்ந்த பின் அந்தக் கிரீடம் காயின் தலையில் தங்கிவிடுவதையும் அவர்களே காண்பார்கள். (ஒவ்வொரு மாதுளையிலும் சுவர்க்கத்து விதை ஒன்று உண்டு என்று அலைபேசிகளில் சுற்றும் செய்தியை ஹதீஸாக எண்ணிப் பரப்ப வேண்டாம். அதன் அறிவிப்பாளர் தொடர் நிற்காது என்று ஹதீஸ் கலை அறிஞர்கள் சொல்லிவிட்டார்கள். திருமறை சொன்னதே மாதுளைக்குப் போதுமான சிறப்பு.)

ஆகவே, மரம் சிறியதாயிருப்பது பற்றி நமக்குக் கவலையில்லை. நிலத்தில் நிற்கும் மாதுளை வறட்சி தாங்கும்; அரியலூரின் சுண்ணாம்பு மண்ணைக்கூட அது பொறுத்துக்கொள்ளும். நாம் மறந்தாலும் அதன் வேர் ஈரத்தைத் தேடிச் செல்லும். தட்டில் இருப்பதற்கு அந்த வழியை நாமே அடைத்துவிட்டோம். இனி அதன் தண்ணீர் நம் கையில் மட்டுமே.

கடந்த ரமலான் விடுமுறையில் மாணவர்கள் ஊருக்குச் சென்றார்கள். நாங்கள் தராவீஹ், இஃப்தார் ஏற்பாடுகள் என்று பள்ளிவாசலிலேயே இருந்தோம். மாடிக் கதவு பூட்டப்பட்டிருந்தது. பங்குனி வெயில். பெருநாள் கழித்துக் கதவைத் திறந்தபோது, இலைகள் கை பட்டதும் நொறுங்கின. பட்டையை நகத்தால் கீறிப் பார்த்தோம். அடியில் ஓரிடத்தில் மட்டும் பச்சை தெரிந்தது. "மரம்தானே" என்று நம்மில் ஒருவர் சொன்னார். நாள்தோறும் அதற்குத் தண்ணீர் ஊற்றி வந்த உள்ளூர்ச் சிறுவன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "ஹஜ்ரத், சாவிய என்கிட்ட குடுத்திருக்கலாமே" என்றான்.

பூனையை அடைத்து வைத்து, உணவும் கொடுக்காமல், தானே இரை தேடிக்கொள்ள அவிழ்த்தும் விடாமல் சாகடித்த பெண்ணுக்கு நேர்ந்ததை நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உண்டு. ஆண்டுதோறும் அதைப் பாடமாக நடத்துகிறோம். மரமும் பூனையும் ஒன்றல்ல என்பது தெரியும். ஆயினும் "அவிழ்த்தும் விடாமல்" என்ற இடத்தை இனி முன்போல் எளிதாகக் கடந்து செல்ல முடியாது.

லப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் போன்ற நம் ஊர்களில் குடும்பத் தலைவர் வளைகுடாவில் இருப்பார். மாடியேறி இறங்க முடியாத பெரியம்மா வீட்டில் இருப்பார். அத்தகைய வீட்டுக்கு அன்பளிப்பாகத் தட்டு மரம் வாங்கிக் கொடுப்பவர்கள், தண்ணீர் ஊற்றப்போவது யார் என்று முதலில் கேட்டுக்கொள்ளட்டும். உம்ராவுக்குப் புறப்படுவோர் பெட்டி கட்டும்போதே மரத்தை அண்டை வீட்டில் ஒப்படைக்கட்டும். அதற்கு வழியில்லையெனில் வாங்காதிருப்பதே நல்லது.

வளர்ப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். பெரம்பலூர்க் கரிசலை அப்படியே தட்டில் நிரப்ப வேண்டாம். நனைந்தால் நீரைப் பிடித்து வேரை அழுகவைக்கும்; காய்ந்தால் வெடிக்கும். மணலும் செங்கல் பொடியும் மக்கிய எருவும் கலக்க வேண்டும். ஒருநாள் காயவிட்டு மறுநாள் நிறைய ஊற்றினால் கனி பிளந்துவிடும். சின்ன மரத்தில் ஒன்றிரண்டு காய்களுக்கு மேல் விடக் கூடாது. தண்ணீருக்குப் பஞ்சம் என்று சொல்லவும் இடமில்லை. நபியவர்கள் ஒரு முத்து அளவு, அதாவது இரு கைகளையும் சேர்த்து ஏந்தும் அளவுத் தண்ணீரில் உளூச் செய்திருக்கிறார்கள். நம் குழாயடியில் ஒருவர் உளூச் செய்து முடிப்பதற்குள் வீணாகும் நீரே கோடையில் இத்தகைய மரத்தின் ஒருநாள் தேவையைத் தீர்த்துவிடும்.

எங்கள் மாதுளையின் அடியில், பச்சை தெரிந்த இடத்திலிருந்து ஒரு தளிர் வந்தது. பழைய மரத்தின் வடிவம் திரும்பவில்லை. அதை மீண்டும் தட்டில் வைக்க நமக்கு மனமில்லை. ஹவுளிலிருந்து நீர் வழியும் வாய்க்கால் ஓரத்தில் நிலத்திலேயே நட்டிருக்கிறோம். வராந்தாவில் இன்னும் மூன்று தொட்டிச் செடிகள் இருக்கின்றன. மாடிச் சாவியின் ஒரு நகல் இப்போது அந்தச் சிறுவனிடம் இருக்கிறது.