சண்டை யாருக்கு? சாவு யாருக்கு?

நமது ஊர்ப் பக்கங்களில் சாமர்த்தியமும் துணிச்சலும் உள்ள ஒருவனைக் கண்டால் "அவன் சரியான எம்டன்" என்று சொல்லுவது வழக்கமாயிருந்து வருகின்றது. இந்த எம்டன் என்பது ஒரு ஜெர்மன் யுத்தக் கப்பலின் பெயர். அது 1914-ம் வருஷம் செப்டம்பர் 22-ந் தேதி இரவு சென்னைத் துறைமுகத்துக்கு வந்து, கரையிலிருந்த எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டு போட்டுக் கொளுத்திவிட்டு, வந்த வழியே போய்விட்டது. பட்டணத்து ஜனங்கள் மூட்டை முடிச்சுகளோடு கிராமங்களுக்கு ஓடினார்கள். அன்று ஓடியவர்களில் நூற்றுக்கு ஒருவருக்காவது இந்தக் கப்பல் எதற்காக நம் கரைக்கு வந்தது என்பது தெரிந்திருக்குமா என்று கேட்கின்றோம். ஜெர்மானியனுக்கும் மயிலாப்பூர்க்காரனுக்கும் என்ன வாய்க்கால் வரப்புச் சண்டை? தேள் கொட்டியது ஒரு இடம், நெறி கட்டியது ஒரு இடம் என்பது போலத்தான் காரியம் நடந்தது.

பள்ளிக்கூடத்துப் புஸ்தகங்கள் இந்த யுத்தத்துக்குச் சொல்லும் காரணம் மிகவும் சுலபமானது. 1914 ஜூன் 28-ந் தேதி சரயேவோ என்னும் ஊரில் ஆஸ்திரியா தேசத்துப் பட்டத்து இளவரசரை ஒரு வாலிபன் சுட்டுக் கொன்றுவிட்டான். ஆகவே உலகம் சண்டை போட்டது என்பார்கள். ஒரு இளவரசர் செத்ததற்கு அவருடைய வீட்டார் அழலாம். சுட்டவனைப் பிடித்துத் தண்டிக்கலாம். ஆனால் முப்பத்தேழே நாளில், ஆகஸ்டு 4-ந் தேதிக்குள், ஆஸ்திரியா, செர்பியா, ருஷியா, ஜெர்மனி, பிரான்சு, பெல்ஜியம், இங்கிலாந்து ஆகிய இத்தனை தேசங்களும் ஒன்றன்மேல் ஒன்று பாய்ந்ததற்கு ஒரு துப்பாக்கிக் குண்டு காரணமாகுமா? வீடு முழுவதும் வைக்கோலைத் திணித்து மண்ணெண்ணெயையும் ஊற்றி வைத்துவிட்டு, தீக்குச்சியின் மேல் பழி போடுவது போன்றதே இது.

வைக்கோல் திணித்த கதை எது என்றால், 1884-85-ம் வருஷத்தில் பெர்லின் நகரத்தில் ஐரோப்பிய வல்லரசுகள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆப்பிரிக்காவை எப்படிப் பங்கு போடுவது என்பதற்கு விதி வகுத்தார்களே, அந்தக் கதைதான். அந்த மேஜையில் ஆப்பிரிக்கன் ஒருவனுக்கும் நாற்காலி போடப்படவில்லை. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்கின்ற பழமொழிக்கு இதைவிடப் பெரிய உதாரணம் வேண்டியதில்லை. முன்னமே வயிறு புடைக்க உண்டவர்கள் இங்கிலாந்தும் பிரான்சும். பந்திக்குப் பிந்தி வந்தது ஜெர்மனி. பிந்தி வந்தவன் "எனக்கும் இலை போடு" என்றான். முந்தி வந்தவன் எழுந்திருக்க மறுத்தான். 1906-ல் இங்கிலாந்து டிரெட்நாட் என்னும் பெரிய போர்க்கப்பலைக் கட்டியதும், ஜெர்மனியும் போட்டிக்குக் கட்ட ஆரம்பித்தது. கட்டிய கப்பலுக்கும் வார்த்த பீரங்கிக்கும் ஒருநாள் வேலை கொடுத்துத்தானே ஆகவேண்டும்?

இதில் வேடிக்கை என்னவென்றால், சண்டை போட்ட ராஜாக்கள் ஒருவருக்கொருவர் அந்நியர்கள் அல்ல. இங்கிலாந்து ஜார்ஜ் அரசரும் ஜெர்மனி கெய்சர் வில்லியமும் விக்டோரியா ராணியின் பேரன்மார். ருஷிய ஜார் நிக்கோலஸ் ஜார்ஜுக்குப் பெரியம்மாள் சித்தி வழிச் சகோதரர். ஜாரின் மனைவியோ விக்டோரியாவின் பேத்தி. இங்கிலாந்து அரச குடும்பத்துக்கு இருந்த பெயரே ஜெர்மன் பெயர். ஜனங்கள் முகம் சுளிக்கவே, 1917-ல் அதை எடுத்துவிட்டு விண்ட்சர் என்று வைத்துக்கொண்டார்கள். பங்காளிகள் வீட்டுச் சண்டைக்குச் சுமார் ஒரு கோடி சிப்பாய்கள் செத்தார்கள். ராஜாவுக்குப் பெயர் மட்டும் மாறிற்று.

கடவுள் எந்தப் பக்கம் இருந்தார் என்று கேட்டால் எல்லாப் பக்கமும் இருந்தார் என்றுதான் சொல்லவேண்டும். ஜெர்மன் சிப்பாயின் இடுப்புவார்ப் பூட்டில் "கடவுள் நம்முடன்" என்று பொறித்திருந்தது. எதிர்க்குழியில் இருந்த வெள்ளைக்காரனுக்கும் அதே வேதம், அதே ஞாயிற்றுக்கிழமை, அதே பாதிரி ஆசீர்வாதம். துருக்கி சுல்தான் 1914 நவம்பரில் இது புனிதப்போர் என்று முழங்கினார். 1916-ல் மெக்காவின் ஷெரீபே இங்கிலாந்தோடு சேர்ந்துகொண்டு அவர்மேல் ஆயுதம் எடுத்தார். கடவுள் இப்படி என்றால், முதலாளிகள் எப்படி என்று பார்ப்போம். இங்கிலாந்தின் விக்கர்ஸ் கம்பெனி ஜெர்மனியின் குரூப் கம்பெனியுடைய காப்புரிமையின்படி பீரங்கிக் குண்டுக்கு முனைத்திரி செய்து வந்தது. யுத்தம் முடிந்த பிறகு, குரூப் கம்பெனியார் தங்களுக்குச் சேரவேண்டிய பங்குத் தொகையைக் கேட்டு வாங்கிக் கொண்டார்கள். அதாவது, ஜெர்மன் தாய் பெற்ற பிள்ளையைக் கொன்ற குண்டுக்கு ஜெர்மன் முதலாளியே கூலி வாங்கினான் என்பதுதான் இதன் பொருள். தேசபக்தி சிப்பாய்க்கு மாத்திரந்தான் போலிருக்கின்றது!

இனிச் செத்தவர்கள் யார் என்று பார்ப்போம். 1916 ஜூலை 1-ந் தேதி, சோம் நதிக்கரையில் ஒரே நாளில் 19,240 பிரிட்டிஷ் சிப்பாய்கள் மாண்டார்கள். ஒரே தெருவில், ஒரே ஆலையில் இருந்தவர்களை ஒரே பட்டாளமாகச் சேர்த்திருந்ததால், தபால்காரன் ஒரு தெருவுக்குள் நுழைந்தால் வீட்டுக்கு வீடு அழுகுரல் கேட்டது. பயந்து ஓடினான், கட்டளை மீறினான் என்று 306 பேரைத் தங்கள் பட்டாளத்தாரே சுட்டுக் கொன்றார்கள். குண்டுச் சத்தத்தில் மூளை கலங்கியவர்களும் அவர்களில் உண்டு. அவர்களுக்கு மன்னிப்புக் கொடுக்க இங்கிலாந்துச் சர்க்காருக்கு 2006-ம் வருஷம் வரையில் மனம் வரவில்லை.

இந்தியாவிலிருந்து சுமார் 13 லட்சம் பேர் கடல் கடந்து போனார்கள். ஏறக்குறைய 74,000 பேர் திரும்பவில்லை. போதாதற்கு, இந்திய ஏழைகளின் வரிப்பணத்திலிருந்து 10 கோடி பவுன் "நன்கொடை" என்று கொடுக்கப்பட்டது. கொடுத்தவனைக் கேளாமல் எடுப்பதற்கு நன்கொடை என்று பெயர் வைத்த அகராதி எது என்று தெரியவில்லை. இதற்குக் கிடைத்த கைம்மாறு 1919-ல் ரௌலட் சட்டமும், ஏப்ரல் 13-ந் தேதி ஜாலியன்வாலாபாக்கும். சர்க்கார் கணக்கிலேயே 379 பிணம். சிப்பாய்களின் கப்பல்கள் வழியாகவும் ரயில்கள் வழியாகவும் பரவிய விஷஜுரத்தில் 1918-ல் இந்தியாவில் செத்தவர்கள் ஒரு கோடிக்கு மேல். யுத்தகளத்தைக் கண்ணால் காணாத குடியானவன், யுத்தகளத்தில் செத்தவனைவிட அதிகமாகச் செத்தான்.

நிற்க, யுத்தம் எல்லையில் நடப்பது, வீடு வேறு என்று எண்ணுகிறவர்கள் இருக்கின்றார்கள். வீட்டுக்குள் யுத்தம் எவ்வளவு தூரம் நுழைந்தது என்பதற்குச் சில உதாரணங்கள் சொல்லுவோம். நிலக்கரியை மிச்சப்படுத்த 1916 ஏப்ரலில் ஜெர்மனியும், அடுத்த மாதமே இங்கிலாந்தும் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி வைத்தன. அந்த வழக்கம் இன்றும் பல தேசங்களில் இருக்கின்றது. குண்டு செய்யும் தொழிலாளி குடித்துவிட்டு வரக்கூடாதென்று இங்கிலாந்தில் சாராயக் கடைகளை மத்தியானத்தில் மூடினார்கள். யுத்தம் நான்கு வருஷத்தில் முடிந்தது. அந்தக் கட்டுப்பாடு நீங்கியது 1988-ல்தான். அதற்குமுன் ஐரோப்பாவில் பெரும்பாலான தேசங்களுக்குச் சீட்டில்லாமலே போய்வரலாம். படம் ஒட்டிய பாஸ்போர்ட்டு இல்லாதவன் எல்லை தாண்டக் கூடாதென்பது இந்த யுத்தத்தோடு வந்து நிலைத்துவிட்டது. இங்கிலீஷ் கப்பல்கள் கடல்வழியை அடைத்ததால், ஜெர்மன் தாய்மார்கள் உருளைக்கிழங்கு மாவைச் சேர்த்து ரொட்டி சுட்டார்கள். 1916-17 குளிர்காலத்தில் அதுவும் கிடைக்காமல், மாட்டுக்குப் போடும் கிழங்கை வேகவைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். ருஷியாவிலோ 1917 மார்ச் 8-ந் தேதி பெட்ரோகிராடு நகரத்துப் பெண்கள் "ரொட்டி எங்கே?" என்று தெருவில் இறங்கினார்கள், ஒரு வாரத்துக்குள் ஜார் சிங்காதனத்தை விட்டு இறங்கினார். படைகளால் ஆகாததை அடுப்படி செய்து முடித்தது.

பெண்கள் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியிருக்கின்றது. யுத்தத்துக்குமுன் இங்கிலாந்தில் பெண்களுக்கு என்ன சொல்லிவந்தார்கள்? பெண் மெல்லியலாள், இயந்திரம் ஓட்டத் தகாதவள், வீடே அவளுக்கு ராஜ்யம் என்றார்கள். ஆண்கள் பட்டாளத்துக்குப் போனவுடன் அந்தச் சாஸ்திரம் எல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை! அதே மெல்லியலாள் டிராம் வண்டியில் டிக்கட் கொடுத்தாள். கடைசல் இயந்திரம் ஓட்டினாள். பீரங்கிக் குண்டுக்கு வெடிமருந்து திணித்தாள். மருந்து ஏறித் தோல் மஞ்சளாகிவிடவே, அவர்களை மஞ்சள் குருவிகள் என்று ஊரார் அழைத்தார்கள். 1916 டிசம்பரில் லீட்ஸ் நகரத்துக்குப் பக்கத்தில் பார்ன்போ வெடிமருந்துச் சாலையில் 35 பெண்கள் வெடித்துச் செத்தார்கள். அப்போது எந்தச் சாஸ்திரியும் பாதிரியும் "பெண்ணுக்கு வீடே ராஜ்யம்" என்று வாய் திறக்கவில்லை. ஆகவே, பெண்ணின் பலவீனம் என்பது இயற்கை அல்ல, ஆணின் சௌகரியம் என்பது அங்கேயே ருஜுவாகிவிட்டது.

கூலியோ ஆணுக்குக் கொடுத்ததில் குறைவு. 1918 ஆகஸ்டில் லண்டன் பஸ், டிராம் பெண்கள் ஆண்களுக்குக் கொடுத்த யுத்தப்படி எங்களுக்கும் வேண்டும் என்று வேலைநிறுத்தம் செய்தே வாங்கினார்கள். யுத்தம் முடிந்ததும் பழைய சாஸ்திரம் பெட்டியிலிருந்து வெளியே வந்துவிட்டது. 1919-ல் யுத்தத்துக்குமுன் இருந்த தொழில் வழக்கங்களைத் திரும்பக் கொண்டுவரச் சட்டமே செய்து பெண்களை வெளியேற்றினார்கள். பிறர் வீட்டில் பாத்திரம் துலக்கப் போகமாட்டேன் என்று சொன்ன பெண்ணுக்கு வேலையில்லாதவர்க்குக் கொடுக்கும் உதவிப் பணத்தையும் நிறுத்தினார்கள். யுத்தத்தில் செத்தவன் மனைவிக்கு உபகாரச் சம்பளம் உண்டு. ஆனால் அவளுடைய நடத்தை சரியில்லை என்று சர்க்கார் முடிவு செய்தால் அதுவும் போய்விடும். புருஷன் உயிரைக் கொடுத்து வாங்கிய காசுக்கும் பெண்சாதியின் கற்பே ஜாமீன்! விதவையை வேவு பார்ப்பது நம் நாட்டு அக்கிரகாரத்துக்கு மாத்திரம் சொந்தமான வழக்கம் அல்ல என்பதை வாசகர்கள் இதிலிருந்து தெரிந்து கொள்ளலாம்.

இனித் தேசங்களின் கதை. ஜெர்மனி, ஆஸ்திரியா-ஹங்கேரி, ருஷியா, துருக்கி ஆகிய நான்கு சாம்ராஜ்யங்கள் விழுந்தன. விழுந்தவற்றின் இடத்தில் ஜனங்கள் தங்கள் இஷ்டம்போல் வாழவிட்டார்களா என்றால் இல்லை. அராபியருக்குச் சுயராஜ்யம் தருவதாக 1915-16-ல் இங்கிலாந்து கடிதம் எழுதிற்று. 1916 மே மாதத்தில் அதே பூமியைப் பிரான்சோடு ரகசியமாகப் பங்கு பிரித்துக் கொண்டது. 1917 நவம்பரில் பாலஸ்தீனத்தில் யூதர்களுக்குத் தாயகம் என்று வாக்குக் கொடுத்தது. ஒரே மாட்டை மூன்று சந்தையில் விற்ற தரகனுக்கு நம் ஊரில் என்ன பெயர் வைப்பார்கள் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. மாட்டுக்கு இதில் அபிப்பிராயம் கேட்பதில்லை என்பது போலவே அந்த மண்ணில் இருந்தவர்களையும் ஒருவரும் கேட்கவில்லை. அன்று இழுத்த கோடுகளாலும் கொடுத்த வாக்குகளாலும் சிந்தத் தொடங்கிய ரத்தம் நூறு வருஷத்துக்குப் பின்னும் நின்றபாடில்லை.

இதைவிட அறிவற்ற காரியம் 1923-ல் லோசான் நகரத்தில் நடந்தது. கிரேக்க தேசமும் துருக்கியும் மனிதர்களை மாற்றிக் கொள்வதென்று ஒப்பந்தம் செய்து கொண்டன. எதை வைத்து மாற்றினார்கள்? மொழியை அல்ல, பழக்க வழக்கத்தை அல்ல, மதத்தை. துருக்கி பாஷை தவிர வேறு அறியாத கிறிஸ்தவனைக் கிரேக்கன் என்று கப்பலேற்றினார்கள். கிரீட் தீவில் கிரேக்க பாஷை பேசிக்கொண்டிருந்த முஸ்லிமைத் துருக்கியன் என்று அனுப்பிவிட்டார்கள். முன்னமே ஓடிப்போனவர்களையும் சேர்த்துப் பதினைந்து லட்சம் பேருக்குமேல் வீடு, வயல், அக்கம் பக்கம் எல்லாவற்றையும் இழந்தார்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் பக்கத்து வீட்டுக்காரனிடம் தண்ணீர் கேட்கவும் அவர்களுக்குப் பாஷை தெரியவில்லை. "நீ யார்?" என்னும் கேள்விக்கு மதத்தைப் பதிலாகச் சொல்லும் வரையில் மனிதன் மூட்டையைப் போல ஏற்றி இறக்கப்படுவான் என்பதற்கு இதுவே அத்தாட்சி. 1947-ல் நம் கண்முன் பஞ்சாபிலும் வங்காளத்திலும் நடந்ததும் இதன் பெரிய பதிப்புத்தான்.

தண்டத் தொகை, கடன் என்று சுமத்தப்பட்ட ஜெர்மனியில் 1923 நவம்பரில் ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க் ஆயிற்று. ஆயுள் முழுதும் சேர்த்த பணத்தில் ஒரு ரொட்டி வாங்க முடியவில்லை. அந்த வயிற்றெரிச்சலை ஊதி ஊதித்தான் ஹிட்லர் வளர்ந்தான். அந்தத் தண்டத்துக்காக வாங்கிய கடன் பத்திரங்களின் கடைசித் தவணையை ஜெர்மனி கட்டியது 2010 அக்டோபர் 3-ந் தேதி. சண்டையை ஆரம்பித்த கெய்சரோ 1918-ல் ஹாலந்துக்கு ஓடி, 1941-ல் சாகும் வரையில் மாளிகையில் சுகமாக இருந்தார். பாட்டன் சுட்ட குண்டுக்குப் பேரனின் பேரன் வரி கட்டினான்.

சிலர் நம்மைக் கேட்கலாம்: "யுத்தத்தால் நன்மையும் உண்டே, ராஜாக்கள் ஒழிந்தார்கள், பெண்களுக்கு ஓட்டுக் கிடைத்ததே" என்று. 1918-ல் இங்கிலாந்துப் பெண்களுக்கு ஓட்டுக் கிடைத்தது உண்மைதான். அதுவும் முப்பது வயதும் சொத்துத் தகுதியும் உள்ளவர்களுக்கு மாத்திரம். வெடிமருந்து திணித்த ஏழைக் குமரிகளுக்கு இல்லை. ஆணுக்குச் சமமாகக் கிடைத்தது 1928-ல். யுத்தந்தான் ஓட்டுக் கொடுத்ததென்றால், நியூஜிலாந்தில் 1893-லும் பின்லாந்தில் 1906-லும் ஒரு குண்டும் வெடிக்காமல் எப்படிக் கிடைத்தது? யுத்தத்தின் நடுமத்தியில் நொறுங்கின பிரான்சு தேசத்துப் பெண்கள் 1944 வரையில் ஏன் காத்திருந்தார்கள்? ஆகவே, உரிமை என்பது பல வருஷம் கேட்டும் வாதாடியும் சிறை சென்றும் பெற்றதே தவிர, பீரங்கி போட்ட பிச்சை அல்ல. வீடு பற்றி எரிந்ததால் குளிர் நீங்கிற்று என்று யாராவது சந்தோஷப்படுவார்களா?

ஆதலால் நாம் வாசகர்களுக்குச் சொல்லுவது ஒன்றே. நாளை எந்தத் தேசத்து மந்திரியோ, மகாராஜாவோ, மடாதிபதியோ வந்து "இது தர்ம யுத்தம், தேசத்தின் மானம், கடவுளின் கட்டளை" என்று சொன்னால், மூன்று கேள்வி கேளுங்கள். இதில் லாபம் யாருக்கு? உன் பிள்ளை எந்த வரிசையில் நிற்கின்றான்? செத்தவன் வீட்டுக் கடனை யார் கட்டுவது? இந்த மூன்றுக்கும் நேரான பதில் சொல்ல முடியாதவன் பேச்சை நம்பிப் பிள்ளையை அனுப்பாதீர்கள். அடுப்படியில் இருக்கும் பெண்களும் இந்தக் கேள்வியைக் கேட்கக் கற்றுக்கொண்டால், எந்த எம்டனும் எந்தக் கரைக்கும் வரவேண்டிய அவசியம் இராது.