வண்டு புகும் வழி

யாழ்ப்பாணக் குடாநாட்டின் உணவுப்பொருள்களைப் பற்றி மேடைகளிலும் கண்காட்சிகளிலும் பேசுவோர் இருதிறத்தினர். ஒரு திறத்தினர் பனையோலைப் பெட்டியையும் குட்டானையும் கையிலேந்தி, முன்னோர் அறியாதது எதுவுமில்லை என்று முழங்குவர். மற்றத் திறத்தினர் வண்ணப்படம் அச்சிட்ட பொலித்தீன் உறையைக் காட்டி, நவீன யுகத்தினுட் புகுந்துவிட்டதாக மகிழ்வர். ஒருவரையொருவர் மறுப்பவர்போலத் தோன்றும் இவர்கள் ஓரிடத்தில் ஒன்றுபடுகின்றனர். பொதி என்பதை இருவருமே பார்வைக்குரிய பொருளாகக் கொள்கின்றனர். முன்னவருக்கு அது மரபின் சின்னம், பின்னவருக்கு விளம்பரம். உள்ளேயிருக்கும் ஒடியல்மாவை வண்டு தின்கின்றதா என்ற கேள்வி இருவர்க்கும் எழுவதில்லை. மூன்று மாதங்கழித்து உறையைப் பிரிக்கும் வீட்டுப் பெண்ணுக்கும், பழுதென்று திருப்பியனுப்பப்பட்ட பொதிகளின் நட்டத்தைத் தலையிற் சுமக்கும் சிற்றுற்பத்தியாளருக்குமே அது எழுகின்றது.

"வண்டு பிடித்தாற் புடைத்துவிட்டாற் போயிற்று" என்று இதனை அற்பமாக்குவாரும் உளர். புடைக்குஞ் சுளகிலிருந்து வண்டு விழலாம். வண்டு செய்த கேடு விழாது. மாவண்டு தன்னுடலிலிருந்து சுரக்கும் பொருள் மாவுக்கு நிறமாற்றத்தையும் தீய வாடையையும் தருகின்றது. பூச்சிகள் பெருகுமிடத்து வெப்பமும் ஈரமும் மிகும். அவற்றைத் தொடர்ந்து பூஞ்சணம் படரும். ஆண்டு முழுவதும் வெம்மை குன்றாத குடாநாட்டில் இப்பூச்சிகளுக்கு ஓய்வுகாலம் என்பதேயில்லை. முட்டையிலிருந்து முதிர்ந்த வண்டாவதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் போதும்.

இவை உட்புகும் வழி இரண்டு. நெற்றுளைப்பான், சிகரெட் வண்டு முதலியன உறையைக் கடித்துத் துளைக்கவல்லன. மெல்லிய பொலித்தீன் அவற்றுக்கு ஒரு தடையன்று. மாவண்டு போன்றவை துளைக்கும் ஆற்றல் குறைந்தவை; ஏற்கெனவே உள்ள இடுக்கைத் தேடி நுழைபவை. பெரும்பாலான பொதிகள் தோற்றுப்போவது இந்த இரண்டாம் வழியிலேயே என்பது ஆழ்ந்து நோக்கற்பாலது. சாக்கைத் தைத்த ஊசித்துளை, மடித்துக் கம்பி குத்திய வாய், மெழுகுதிரிச் சுவாலையில் அரைகுறையாக ஒட்டிய விளிம்பு ஆகிய இவையே வண்டின் தலைவாயில்கள். பொரித்து வெளிவந்த குடம்பி கண்ணுக்குப் புலப்படாத துளைக்குள்ளும் நுழைந்துவிடும். அதன்பின் உறையில் அச்சிடப்பட்டிருப்பது பனைமரமாயினென்ன, நல்லூர்க் கோபுரமாயினென்ன?

அவ்வாறாயிற் பழமையே சிறந்தது என்று முதற்றிறத்தினர் துள்ளியெழுதல் கூடும். குட்டான் வண்டைத் தடுப்பதற்கென எழுந்ததன்று. பனங்கட்டியை வார்க்கவும் கொண்டுசெல்லவும் எழுந்தது. ஓலைப்பின்னலின் இடுக்குகள் கம்பி குத்திய உறையின் இடுக்குகளிலும் பெரியவை. ஒடியலைக் காத்தது பெட்டியன்று. பரணில் இடையறாது படிந்த அடுப்புப் புகையும், கிளறிக் கிளறி உலர்த்திய வெயிலும், அவ்வேலையைக் கூலியின்றிச் செய்த பெண்களின் கைகளுமே காத்தன. விதைப்பயற்றுடன் சாம்பல் கலந்து வைத்தமைக்கும் தக்க காரணம் உண்டு. நுண்ணிய சாம்பல் மணிகளின் இடைவெளியை நிரப்பி வண்டின் நடமாட்டத்தைத் தடுக்கின்றது. அதன் மேற்றோலைத் தேய்த்து உடலின் நீரை வற்றச்செய்கின்றது. இது மெய்யான அறிவு, போற்றத்தக்கது. ஆயின் எரிவாயு அடுப்பு வந்த வீட்டிற் புகைப்பரண் இல்லை. விற்பனைக்குரிய மாவிற் சாம்பல் கலத்தலும் இயலாது. அந்த அறிவைத் தாங்கிய வாழ்க்கைமுறை மாறியபின், பெட்டியை மட்டும் எடுத்துவந்து மேடையில் வைப்பது மரபைப் பேணுதலாகாது.

இனி, இப்பிரச்சினையின் மறுபக்கத்தைக் காணலாம். மழையை நம்பிய குடாநாட்டு வயல்களிற் காலபோக நெல் தை, மாசியில் அறுவடையாகின்றது. பனங்கிழங்குப் பாத்திகள் கிண்டப்படுவதும் ஏறத்தாழ அக்காலத்திலேயே. எல்லோரிடமும் பொருள் இருக்கும்போது விலை வீழும். எவரிடமும் இல்லாதபோது ஏறும். இது சந்தையின் பாலபாடம். ஏறும்வரை பொறுத்திருக்க வல்லவன் எவனோ அவனுக்கே விளைச்சலின் பயன் சேரும். பொறுத்திருப்பதற்கோ கடன் நெருக்கடி இல்லாமை மட்டும் போதாது. பொருள் உளுக்காமலும் இருத்தல் வேண்டும். நல்ல களஞ்சியம் உடைய வணிகன் காத்திருக்கின்றான். உரப்பையில் நெல்லைக் கட்டித் திண்ணையில் வைத்திருக்கும் உழவன், அந்துப்பூச்சி பறக்கக் கண்டதும் வந்த விலைக்கு விற்கின்றான். சில மாதங்கழித்து அவனே கடையில் அரிசி வாங்குகின்றான். வண்டு ஈண்டு வெறும் பூச்சியன்று. வணிகனின் கூலியில்லாத தரகனாகவே அது தொழிற்படுகின்றது.

வரலாறும் இதனையே உணர்த்தும். 1970 முதல் 1977 வரையான ஆட்சிக்காலத்தில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது மிளகாயும் வெங்காயமும் யாழ்ப்பாண உழவரை நிமிரச்செய்தன. 1977க்குப் பின் வந்த திறந்த பொருளாதாரம் அவ்விலையை வீழ்த்தியது. அந்த நல்லாண்டுகளின் வருவாய் கிணறுகளுக்கும் நீரிறைக்கும் இயந்திரங்களுக்கும் கல்வீடுகளுக்கும் சென்றது. ஊருக்குப் பொதுவான களஞ்சியம் எத்தனை எழுந்தது? 1990 முதல் 2002 வரை ஏ9 வீதி மூடுண்டு, பொருளாதாரத் தடை குடாநாட்டை வாட்டிய காலத்தில், வீட்டில் எஞ்சியிருக்கும் தானியத்தைக் கெடாது வைத்திருத்தல் உயிர்வாழ்வோடு ஒட்டிய காரியமாயிற்று. அவ்வாறு பட்டறிந்த ஒரு சமுதாயம் இன்றும் சேமிப்பைத் தனிவீட்டுப் பெண்ணின் சாமர்த்தியத்துக்கு விட்டுவைத்திருப்பது வியப்புக்குரியது.

வழியில்லாமல் இல்லை. 1980களின் பிற்பகுதியில் ஆபிரிக்காவின் கமரூன் நாட்டில், கவ்பியைத் தாக்கும் வண்டுக்கு மாற்றுத் தேடிய அமெரிக்கப் பேர்டியூ பல்கலைக்கழகத்தின் லறி மேர்டொக் முதலியோர் காற்றுப்புகாத பை ஒன்றை உருவாக்கினர். தடித்த பொலித்தீன் பைகள் இரண்டு ஒன்றனுள் ஒன்றாக; அவற்றுக்கு வெளியே, உழவர் நன்கறிந்த உரப்பை போன்ற நெய்த பை. நஞ்சு எதுவும் இல்லை. வாயை முறுக்கி இறுகக் கட்டியபின் உள்ளே அகப்பட்ட பூச்சிகள் தம் மூச்சினாலேயே ஒட்சிசனைக் குறைத்துக்கொள்கின்றன, காபனீரொட்சைட்டு மிகுகின்றது, தீனி நின்று, உடல் நீர்வற்றி அவை மடிகின்றன. பயற்றுக்கு இது மிகவும் பொருந்தும். பயற்றுவண்டு வயலில் நிற்கும் காயிலேயே முட்டையிட்டுவிடுவதால், வெளிப்பூச்சியைத் தடுக்கும் உறை மட்டும் அங்கே பயன்படாது. உள்ளே வந்துவிட்டதை அடக்கும் உறையே வேண்டும். நெல்லுக்கென இத்தகைய பையைப் பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனமும் பரப்பியுள்ளது. எலிக்கு இப்பை ஈடுகொடாது என்பதும், ஈரம் உலராத தானியத்தைக் கட்டினாற் பூஞ்சணமே விளையும் என்பதும் மறைக்கத்தக்கனவல்ல. நெல்லின் ஈரம் 14 வீதத்துக்கு மேற்படலாகாது.

இதற்கு எழும் மறுப்புகளில் ஒன்று சூழல் பற்றியது. 2017 செப்டெம்பரில் 20 மைக்ரோனும் அதற்குக் குறைந்ததுமான பொலித்தீனுக்குத் தடை வந்த நாட்டில், மேலும் பொலித்தீனா என்பர். ஒருமுறை கிழித்து எறியப்படும் மெல்லிய உறையையும், துளைபடாதவரை பருவந்தோறும் மீளப் பயன்படும் தடித்த பையையும் ஒன்றாக எண்ணுவது பொருந்தாது. உளுத்துப்போன மாவும் ஒரு கழிவே. அதை விளைவித்த உழைப்பும் அதனோடு குப்பைக்குப் போகின்றது.

மற்றது செலவு. பை ஒன்றின் விலை சாதாரண உரப்பையின் விலையிற் பன்மடங்கு. வெப்பத்தால் ஒழுங்காக ஒட்டும் இயந்திரமும் குடிசைத்தொழில் செய்யும் பெண்ணுக்கு எட்டாதது. இங்குதான் வாதம் தன் உண்மையான இடத்துக்கு வருகின்றது. தனியொருவரால் இயலாததைச் செய்தற்கன்றோ கூட்டுறவு தோன்றியது? பனை அபிவிருத்திச் சபை 1978இலிருந்து இயங்குகின்றது; கைதடியிற் பனை ஆராய்ச்சி நிறுவனம் உண்டு; ஊர்தோறும் பல்நோக்குக் கூட்டுறவுச் சங்கமும் பனை தென்னை வளச் சங்கமும் பெயர்ப்பலகையோடு நிற்கின்றன. தரமில்லை என்று பொதியைத் திருப்பியனுப்புவது எளிது. தரத்துக்கு வேண்டிய பையையும் ஒட்டும் இயந்திரத்தையும் உற்பத்தியாளருக்குக் கொடுக்காது அவரிடம் தரங்கேட்பது, கலப்பை கொடாதவன் உழவின் ஆழத்தை அளக்க வந்த கதையாகும்.

பல்கலைக்கழகமும் இதிலிருந்து தப்பமுடியாது. களஞ்சியப் பூச்சி பற்றிய ஆய்வுகள் விஞ்ஞான, விவசாய பீடங்களிற் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே எழுதப்படுகின்றன. பரீட்சகர் படித்ததும் அலுமாரி ஏறுகின்றன. கலைப்பீடத்தாரோ வண்டைப் பற்றிப் பேசுவது தமது கௌரவத்துக்கு இழுக்கென எண்ணுவர். ஆயினும் நிலவுடைமை, வணிக மூலதனம் என்று பக்கங்களை நிரப்புவர். அம்மூலதனம் ஊசித்துளை வழியாகவும் ஊருக்குள் நுழைகின்றது என்பதை அவர்கள் கண்டுகொள்வதில்லை. பையை எவ்வாறு முறுக்கிக் கட்டுவது, தானியம் உலர்ந்ததை எவ்வாறு அறிவது என்று விளக்கும் எட்டுப்பக்கத் தமிழ்ப் பிரசுரம் ஒன்றை இரு பீடத்து மாணவரும் சேர்ந்து ஆக்குதற்கு ஒரு விடுமுறைக்காலம் போதும்.

அடுத்த பாத்தி தைமாதத்திற் கிண்டப்படும். அதற்கு முன் ஊருக்கு ஓர் ஒட்டும் இயந்திரமும், பருவ முடிவிற் கழுவித் திருப்பும் நிபந்தனையோடு இரவலாக வழங்கத்தக்க பைகளும் சங்கக்கட்டடத்துக்கு வந்துசேர்தல் வேண்டும். உறையில் எந்தப் படத்தை அச்சிடுவதென்ற ஆலோசனையை அதன்பின் வைத்துக்கொள்ளலாம்.