மீட்டர் இருக்கட்டும், பீடர் யார் கையில்?

சென்ற இதழில் பாலஸ்தீன மின்துறை பற்றி வந்த கட்டுரையைப் படித்துக் கோபம் அடங்கவில்லை. மேற்குக் கரையில் மின்தட்டுப்பாட்டுக்குக் காரணம் மக்கள் கொக்கி போட்டுத் திருடுவதும் கட்டணம் கட்டாததும்தானாம். வீட்டுக்கு வீடு ஸ்மார்ட் மீட்டர் மாட்டி, விநியோகத்தைத் தனியாரிடம் கொடுத்துவிட்டால் தீர்ந்துவிடுமாம். கட்டுரை முழுவதிலும் ஆக்கிரமிப்பு என்ற சொல் ஓரிடத்தில்கூட இல்லை. வயல் காய்வதற்கு விவசாயியைத் திட்டுகிறவர், மதகின் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்க வேண்டாமா?

திருட்டு இல்லை என்று நான் வாதாடவில்லை. திருட்டு உண்டு, பாக்கி உண்டு. வசூலித்த மின்கட்டணத்தை வேறு செலவுக்குத் திருப்பிய நகராட்சிகளும் உண்டு. ஆனால் ப்ரீபெய்டு மீட்டர் அங்கே பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கிறது. பாக்கியைப் பொறுத்தவரை, பாலஸ்தீனத்துக்குப் போகும் இறக்குமதிச் சரக்குக்கு வரி வசூலிப்பதே இஸ்ரேல்தான். பாலஸ்தீன நிர்வாகத்துக்குச் சேரவேண்டிய அந்தப் பணத்தில் மின்பாக்கியைப் பிடித்துக்கொள்கிறது. இதைச் சொல்லாமல் ஒரு சமூகத்தையே கடன் கட்டாத கூட்டமாகக் காட்டுவது அவதூறு.

மேற்குக் கரை தன் மின்சாரத்தில் சுமார் பத்தில் ஒன்பது பங்கை இஸ்ரேலிடம் வாங்குகிறது. வாங்கும் விதத்தைப் பாருங்கள். இருநூறுக்கும் மேற்பட்ட இணைப்புப் புள்ளிகளில், பகுதி பகுதியாக, துண்டு துண்டாக வருகிறது. நாப்லுஸில் மிஞ்சுவதை ஹெப்ரானுக்கு அனுப்பலாமென்றால் நடுவே சொந்த உயரழுத்தப் பாதை கிடையாது. ஊருக்கும் ஊருக்கும் இடையில் கிடப்பது பெரும்பாலும் இஸ்ரேலின் கட்டுப்பாட்டில் உள்ள ‘சி’ பகுதி. மேற்குக் கரை நிலத்தில் சுமார் 60 சதவீதம். அங்கே ஒரு மின்கம்பம் நடவும் இஸ்ரேல் ராணுவத்தின் சிவில் நிர்வாகம் அனுமதி தர வேண்டும். பெத்லகேம் அருகே ஜுப்பத் அத்-தீப் கிராமத்துக்கு மின்கம்பி வராததால், நெதர்லாந்து அரசின் உதவியில் சூரியத் தகடுகள் அமைத்தார்கள். 2017 ஜூனில் அனுமதி இல்லை என்று இஸ்ரேலிய அதிகாரிகள் அவற்றைக் கழற்றி எடுத்துப் போனார்கள். நெதர்லாந்து கண்டித்த பிறகே திருப்பித் தந்தார்கள். இந்த ஊரில் யார் எதைத் திருடினார்கள்?

நவீனப்படுத்தும் எண்ணமே பாலஸ்தீனருக்கு இல்லை என்பது அடுத்த பொய். மின்கடத்தல் நிறுவனத்தை 2013-லேயே அமைத்தார்கள். சில்லறை இணைப்புகளுக்குப் பதிலாக மொத்தமாக மின்சாரம் வாங்க, ஐரோப்பிய முதலீட்டு வங்கியின் கடனில் ஜெனின், நாப்லுஸ், ரமல்லா, ஹெப்ரான் வட்டாரங்களில் நான்கு 161 கிலோவோல்ட் துணைமின் நிலையங்களைத் திட்டமிட்டார்கள். முதலாவதான ஜெனின் வட்டார ஜலாமே நிலையம் 2017 ஜூலையில்தான் உயிர்பெற்றது. அதற்கு முன் பாக்கிக் கணக்கைத் தீர்க்க 2016 செப்டம்பரில் ஓர் ஒப்பந்தம் தேவைப்பட்டது. மின்கொள்முதலுக்கு இஸ்ரேலின் கையெழுத்தும் தேவைப்பட்டது. டிரான்ஸ்ஃபார்மரை ஐரோப்பியப் பணத்தில் வாங்கிவிடலாம். அந்தக் கையெழுத்தை எந்தக் கடையில் வாங்குவது?

தனியார் வந்தால் சரியாகும் என்கிறவர் காஸாவைப் பார்க்கட்டும். அங்கிருந்த ஒரே மின்நிலையம் தனியார் நிறுவனத்துடையதுதான். அதன் திறன் 140 மெகாவாட். 2006 ஜூனில் இஸ்ரேலிய விமானங்கள் அதன் ஆறு டிரான்ஸ்ஃபார்மர்களையும் குண்டுவீசி அழித்தன. 2014 போரில் எரிபொருள் தொட்டி தீப்பற்றியது. 2023 அக்டோபரில் இஸ்ரேல், காஸாவுக்கு மின்சாரம் கொண்டுவரும் தன் பாதைகளான பீடர்களை நிறுத்தி எரிபொருளையும் தடுத்தது. சில நாட்களில் நிலையம் அணைந்தது. தனியார் உரிமையால் அதில் எதைத் தடுக்க முடிந்தது என்று கட்டுரையாளர் பதில் சொல்லட்டும்.

இயற்கை எரிவாயுவில் ஓடவேண்டிய அந்த நிலையம் கடைசிவரை டீசலில்தான் ஓடியது. காஸா கரையிலிருந்து சுமார் 36 கிலோமீட்டரில், கடலுக்கடியில், 2000-ஆம் ஆண்டிலேயே எரிவாயு கண்டுபிடித்தாயிற்று. கால் நூற்றாண்டு கடந்தும் அது வெளியே எடுக்கப்படவில்லை.