பின்னால் வருபவர் காணும் விளக்கு

மோட்டார் வண்டியின் விளக்குகளுள் ஓட்டுபவரின் கண்ணுக்குப் படாதது பிறேக் விளக்கு. முன்விளக்குப் பழுதானால் பாதை இருண்டுவிடும், அக்கணமே தெரிந்துவிடும். பிறேக் விளக்கோ மாதக்கணக்காக எரியாதிருப்பினும் ஓட்டுபவர் அறியார். அறிபவர் பின்னால் வருபவரே. அவரும் வெள்ளவத்தைக் காலி வீதியில், மழைநாள் மாலையில், மனைவி மக்களோடு முச்சக்கர வண்டியில் வருபவராயின், அறியும் நேரம் பிந்திய நேரமாகிவிடும்.

2019ஆம் ஆண்டில் யப்பானின் சுபாறு நிறுவனம் உலகெங்கணும் 22 இலட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகளை இக்குறைக்காக மீள அழைத்தது. இம்பிரேசா, ஃபொறஸ்ரர் ஆகிய இனங்கள் அவற்றுள் அடங்கும். காரணத்தைக் கேட்டால் வாசக நேயர்கள் வியப்படைவர். துப்புரவுத் திரவம், அழகு சாதனப் பொருள் முதலியவற்றிலிருந்து எழும் சிலிக்கோன் ஆவி, பிறேக் மிதியோடிணைந்த சுவிச்சினுள் புகுந்து, மின்னோட்டம் பாயவேண்டிய முனையில் மின்கடத்தாப் படலமாகப் படிந்துவிடுகிறதாம். அப்பால் மிதியை அழுத்தினாலும் விளக்கு எரியாது. சிலவேளை எஞ்சினும் இயங்க மறுக்கும். வண்டியைப் பளபளவென்று துடைத்து வைப்பவருக்கோ இந்தத் தண்டனை!

அமெரிக்காவில் 2022 நவம்பரில் ரெஸ்லா நிறுவனம் 321,628 வண்டிகளைப் பின்விளக்குக் கோளாறுக்காக மீள அழைத்தது. அங்கே பிழை மென்பொருளிலிருந்தது. வண்டி வீட்டு வாயிலில் நிற்கவே, தொலைவிலிருந்து திருத்தம் அனுப்பப்பட்டது.

மீள அழைப்பது நிறுவனத்துக்கு இழுக்கென்று எண்ணுவோர் நம்மிடையே உளர். எது இழுக்கு என்பதை மிற்சுபிஷி மோட்டார் நிறுவனத்தின் கதை காட்டும். வாடிக்கையாளரின் குறைபாட்டு முறைப்பாடுகளை 1977 முதல் மறைத்து வந்தமை 2000ஆம் ஆண்டில் வெளிப்பட்டபோது, அது இழந்த நற்பெயர் சிறிதன்று.

இனி நம் வீட்டுக் கதைக்கு வருவோம். கொழும்பு வீதிகளில் ஓடும் கார்களிற் பெருந்தொகையானவை யப்பானிற் பாவிக்கப்பட்டு இங்கு வந்தவை. 'உங்கள் வண்டியில் இன்ன குறையுண்டு, இலவசமாகத் திருத்தித் தருவோம்' என்னும் கடிதம் யப்பானில் உள்ள பழைய சொந்தக்காரரின் முகவரிக்கன்றோ போகும்? கொட்டாஞ்சேனையில் அவ்வண்டியை மூன்றாங் கையாக வாங்கியவருக்கு அக்கடிதத்தை யார் தருவார்? மருதானைப் பழைய புத்தகக் கடையில் வாங்கிய நூலினுள், வெளியீட்டாளர் செருகிவைத்த பிழைதிருத்தத் தாள் கிடைப்பதில்லை, அதுபோலத்தான் இதுவும். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் கார் இறக்குமதி 2025 பெப்ரவரியிலேயே மீளத் தொடங்கிற்று. இடையில் ஐந்தாண்டுக் காலம் பழைய வண்டிகளே கைமாறிக் கைமாறி ஓடின என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும்.

கடிதம் வராவிடினும் விடயத்தை அறிய வழியுண்டு. பதிவுச் சான்றிதழில் அடிச்சட்ட இலக்கம் இருக்கிறது. கராச்சுக்காரர் 'செசி நம்பர்' என்பது அதையே. யப்பானிய நிறுவனங்களின் இணையப் பக்கங்களில் அதனைப் பதிந்தால், செய்யப்படாத திருத்தம் ஏதும் உண்டா என்பது தெரியவரும். யப்பானிய மொழி தெரியாதே என்று அஞ்சவேண்டியதில்லை. பிள்ளைகளின் கைத்தொலைபேசியே மொழிபெயர்த்துவிடும். தாம் இறக்குமதி செய்யாத வண்டிக்கு உள்ளூர் முகவர் இலவசமாகத் திருத்தஞ் செய்வாரா என்பதை முன்கூட்டியே, எழுத்து மூலம், கேட்டறிதல் நலம். விற்பவரிடம் விலை பேசுமுன் இதைப் பார்ப்பது இன்னும் நலம். நம்மவர் தொலைபேசியில் நல்ல நாள் பார்க்கிறார்கள், இதைப் பார்ப்பதில்லை.

இவ்வளவுக்கும் முன் இன்றிரவே செய்யக்கூடியது ஒன்றுண்டு. வண்டியின் பின்புறத்தை மதிலுக்கு அண்மையில் நிறுத்திப் பிறேக்கை அழுத்துக. மதிலிற் படரும் செவ்வொளி கண்ணாடியிற் தெரியும். வெள்ளவத்தை ஒழுங்கைகளில் மதிலுக்குப் பஞ்சமில்லை. ஒளி தெரியாவிடிற் பல்பை மாற்றுக. புதுப் பல்பும் எரியாவிடின், பஞ்சிகாவத்தைக்கு இன்னொரு பல்பு வாங்கப் போகாது, மிதியருகேயுள்ள அந்தச் சுவிச்சைச் சோதிக்குமாறு திருத்துநரிடம் சொல்லுக.