அடுக்களைப் பக்கம்: அக்கரைக் குழம்பும் இக்கரை மீனும்



மும்பைத் தமிழ் இல்லங்களில் நாம் அடிக்கடி கேட்கும் குறை ஒன்று உண்டு. "ஊரில் உண்ட மீன் குழம்பின் சுவை இங்கே வருவதில்லை" என்பதே அது. தண்ணீர்மேல் பழி போடுவோர் சிலர். புளியின்மேல் போடுவோர் சிலர். மேலைக்கடல் மீனே சுவையற்றது என்று தீர்ப்புக் கூறிவிடுவோர் பலர். நாமும் நெடுநாள் அவ்வாறே எண்ணியிருந்தோம். அவ்வெண்ணம் பிழை என்று உணர்ந்த வகையை முதலில் சொல்லிவிட்டு, அதன்பின் சட்டியை அடுப்பில் ஏற்றுவோம்.

நம் அன்னையார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து மணமாகித் தாராவிக்கு வந்தவர். அவர் வைத்த மீன் குழம்பை உண்டே நாம் வளர்ந்தோம். அளவு கேட்டால், "கைக்குத் தெரியும்" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லமாட்டார். இறுதி நாட்களில் படுக்கையில் இருந்தபோது, மீன் குழம்பு வேண்டும் என்று ஆசையுடன் கேட்டார். செம்பூர்ச் சந்தையில் விலை பாராமல் வஞ்சிரம் வாங்கி, நாமே சமைத்துத் தாராவிக்கு எடுத்துச் சென்றோம். இரண்டு வாய் உண்டார். "நல்லாத்தான் இருக்கு, மக்கா. ஆனா நம்ம வீட்டுக் குழம்பு இல்லையே" என்றார். அடுத்த முறை சரியாகச் செய்து தரலாம் என்றிருந்தோம். அடுத்த முறை வாய்க்கவில்லை.

சில திங்கள் கழிந்து, அன்னையார் வழக்கமாக மீன் வாங்கும் கோலி அம்மையாரைச் சந்தையில் கண்டோம். பேச்சு அந்தக் குழம்பின்மேல் வந்தது. "உங்கள் ஆயி சுர்மை வாங்குவது விருந்து வரும் நாளில்தான். மற்ற நாளெல்லாம் பாங்டாவும் தார்லியுமே. தலையை எறியாமல் கேட்டு வாங்கிச் செல்வார்" என்றார் அவர்.

நம் பிழை அப்போதுதான் விளங்கிற்று. சுர்மை என்பது நம் வஞ்சிரம். பாங்டா என்பது அயிலை. தார்லி என்பது சாளை. இவ்விரண்டும் கொழுப்பு மிகுந்த சிறு மீன்கள். அக்கொழுப்பும் தலையின் சாரமும் இறங்கியே அன்னையாரின் குழம்பு கனம் பெற்றது. விலை குறைவு என்பதற்காக அவர் வாங்கிய மீனே அச்சுவையின் உயிராகவும் இருந்திருக்கிறது. அன்பின் மிகுதியால் நாம் விலையுயர்ந்த மீனை வாங்கிச் சுவையைக் கைவிட்டோம்.

ஆகவே, மீனின் பெயரை இரு மொழியிலும் அறிந்திருத்தல் முதற் பாடம். தாராவி ஆதியில் கோலி மீனவரின் ஊர். 1909ஆம் ஆண்டில் வெளிவந்த பம்பாய் நகர கெசட்டியர், பெரிய கோலிவாடாக்கள் ஆறனுள் ஒன்றாக அதனைக் குறித்தது. தோல் பதனிடும் தொழிலை நாடி நெல்லைச் சீமையிலிருந்து வந்த நம் முன்னோர், கடலை அறிந்த அம்மக்களின் அருகிலேயே குடியேறினர். அயிலையைச் சென்னைப் பக்கத்தார் கானாங்கெளுத்தி என்பர். சாளையை மத்தி என்பாரும் உண்டு. வஞ்சிரம் தென்கோடியில் நெய்மீன் ஆகும். பாப்லேட் நம் வாவல். ராவஸ் நம் காலா. கோளம்பி நம் இறால். பொம்பில் நீர்ச்சத்து மிகுந்த மென்மையான மீன். நெடுநேரம் கொதித்தால் கரைந்துவிடும். அதனை வறுவலுக்கு வைத்துக்கொள்க.

வாங்கும்போது செவுள் சிவந்து, கண் தெளிந்து, விரலால் அழுத்திய இடம் உடனே எழும்புகிறதா என்று பார்க்க வேண்டும். அயிலை, சூரை போன்றவை வெயிலில் கிடந்தால் ஹிஸ்டமின் என்னும் பொருள் அவற்றில் பெருகும். உண்டவர்க்கு முகம் சிவத்தல், தலைவலி, தடிப்பு ஆகியன தோன்றலாம். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது நீங்காது. எனவே பனிக்கட்டியில் வைத்த மீனையே வாங்கி, நேரே வீடு திரும்புக.

இனிக் குழம்பு. அரைக் கிலோ அயிலை நால்வர்க்குப் போதும். சிறு எலுமிச்சையளவு புளியை இரண்டு டம்ளர் வெந்நீரில் ஊறவைத்துக் கரைத்து வடிகட்டுக. அரைமூடித் தேங்காய், சின்ன வெங்காயம் ஆறு, சீரகம் ஒரு தேக்கரண்டி, மிளகாய்த்தூள் இரண்டு, மல்லித்தூள் மூன்று, மஞ்சள்தூள் அரை ஆகியவற்றை வெண்ணெய்போல் அரைத்துப் புளிநீரில் கலக்குக. உப்பும், கீறிய பச்சைமிளகாய் இரண்டும் சேர்க்க. மாங்காய் கிடைக்கும் காலத்தில் நான்கு துண்டு இட்டுப் புளியைக் குறைத்துக்கொள்க. பச்சை வாடை முற்றும் நீங்கும்வரை, ஏறத்தாழக் கால் மணி நேரம் கொதிக்க வேண்டும். இதில் அவசரம் கூடாது.

அதன்பின் தீயைக் குறைத்து மீனையும் தலையையும் இடுக. ஏழெட்டு நிமிடத்தில் வெந்துவிடும். கரண்டி இட்டுக் கிளறினால் மீன் உடையும். சட்டியின் விளிம்பைத் துணியால் பற்றி மெல்லச் சுழற்றினால் போதும். நல்லெண்ணெயில் கால் தேக்கரண்டி வெந்தயம், நறுக்கிய சின்ன வெங்காயம், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டி மூடிவிடுக. அரை மணி நேரம் கழித்தே சோற்றில் ஊற்ற வேண்டும். மறுநாள் குழம்பு சுவை மிகுந்தது என்பது மெய்யே. புளியும் காரமும் மீனின் உள்ளே ஊறுகின்றன. ஆனால் மும்பையின் புழுக்கத்தில் வெளியே வைத்தலாகாது. ஆறியதும் குளிர்பெட்டியில் வைத்து, வேண்டிய அளவை மட்டும் எடுத்துக் கொதிக்க வைத்து உண்க.

கொங்கண வீடுகளில் புளிக்கு மாற்றாகக் கோகம் இடுவர். அது கேரளத்துக் குடம்புளியின் இனத்தைச் சேர்ந்தது. சாளைக் குழம்பில் புளியைப் பாதியாக்கி நான்கு கோகம் தோல் இட்டுப் பார்த்தோம், நன்றாகவே இருந்தது.

சட்டி மண்சட்டியாக இருத்தல் நலம். புளி பித்தளையையும் செம்பையும் அரிக்கும். மண்ணை ஒன்றும் செய்யாது. சூடும் நெடுநேரம் நிற்கும். இதற்கு ஊருக்கு எழுத வேண்டுவதில்லை. தாராவிக் கும்பார்வாடாவில் சௌராட்டிரத்திலிருந்து வந்த குயவர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகத் திரிகை சுற்றுகின்றன. அடுப்பில் ஏற்றுவதற்கென்றே செய்த, வண்ணம் பூசாத சட்டியா என்று கேட்டு வாங்குக. பூச்சட்டி சமையலுக்கு ஆகாது. குஜராத்தியர் வனைந்த சட்டியில், மராட்டியர் பிடித்த மீன், நம் புளியில் கொதிக்கிறது. இதனை அயலூர்க் குழம்பு என்று எவர் சொல்வார்?

மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 முடிய 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. மீன் இனம் பெருகுவதற்கான தடை அது. அப்போது பச்சை மீனுக்கு அலைய வேண்டாம். கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்துக் கழுவி, கத்தரிக்காயுடன் இதே குழம்பில் இட்டால் மழைநாளுக்கு ஏற்றதாகும். கருவாட்டில் உப்பு உண்டு; குழம்பில் உப்பைக் குறைத்து இடுக. மாட்டுங்காவிலும் பிறவிடங்களிலும் உள்ள சைவ இல்லத்தார் மீனுக்கு மாற்றாக முருங்கைக்காய் இட்டு வைக்கலாம்.

நிறைவாக ஒரு வேண்டுகோள். மேலே தந்த அளவு நம் அன்னையாரின் அளவன்று. பல ஞாயிற்றுக்கிழமைகளில் சமைத்துச் சமைத்து நாம் நெருங்கி வந்த அளவே. சரிதானா என்று சொல்ல அவர் இல்லை. உங்கள் இல்லத்தில் அன்னையோ அத்தையோ பாட்டியோ இன்னும் அடுப்படியில் நின்றால், இம்மாதமே அருகில் நில்லுங்கள். அவர் கையில் அள்ளும் தூளைச் சட்டியில் இடுமுன் ஒரு கரண்டியில் வாங்கி அளந்து எழுதிக்கொள்ளுங்கள். எந்த மீன், எவரிடம் வாங்குகிறார் என்பதையும் எழுதுங்கள். பெண்மக்கள் மட்டுமன்றி ஆண்மக்களும் இதைச் செய்தல் வேண்டும். பசியும் நினைவும் இருவர்க்கும் பொதுவன்றோ?